ஐந்து நாள் கருவும் இருபது ஆண்டுக் காப்புரிமையும்

குழந்தைப்பேறு சிகிச்சை மையத்தின் ஆய்வகத்தில், முட்டையும் விந்தணுவும் சேர்ந்த ஐந்தாம் நாள், நுண்ணோக்கியின் கீழ் கரு ஒரு நீர்க்குமிழியைப் போலத் தெரியும். அகலம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும். செல்கள் ஏறத்தாழ நூறு, நூற்றைம்பது இருக்கும். ஓர் அடுக்குச் செல்கள் வெளிச்சுவராகச் சூழ்ந்திருக்க, உள்ளே ஒரு பக்கமாகச் சிறு கொத்து ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். வெளிச்சுவர் நஞ்சுக்கொடியின் பகுதியாகும். உள்ளே இருக்கும் கொத்துதான் குழந்தையாகும்.

அந்தக் கொத்தைப் பிரித்தெடுத்து வளர்த்தால் கிடைப்பவை மனிதக் கருவின் ஸ்டெம் செல்கள். அவை தளராமல் பெருகும். தகுந்த சூழலில் இதயத் தசையாகவும் நரம்பாகவும் இன்சுலின் சுரக்கும் செல்லாகவும் மாறும். ஆனால் கொத்தை எடுத்த பிறகு கரு மிஞ்சாது.

இந்தச் செல்களுக்குக் காப்புரிமை கொடுக்கலாமா? அமெரிக்கா கொடுத்தது. ஐரோப்பா மறுத்தது. சீனா முதலில் மறுத்துவிட்டுப் பிறகு கதவைப் பாதி திறந்தது. இந்தியா சட்டத்தில் தடை வைத்திருக்கிறது. அந்தத் தடையின் எல்லை எதுவரை என்று இன்னும் தெளிவாகச் சொல்லவில்லை.

கால் நூற்றாண்டு வழக்குகளைத் திரும்பிப் பார்த்தால், தனித்தனியான இரண்டு கேள்விகள் ஒரே முடிச்சாகக் கட்டப்பட்டிருப்பது தெரிகிறது. கருவை அழித்துச் செல் எடுக்கலாமா என்பது ஒன்று. எடுத்த செல்லை யார் கட்டுப்படுத்துவது என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு விடை சொல்லவேண்டிய பொறுப்பைக் காப்புரிமைச் சட்டத்தின் தலையில் ஏற்றியதால்தான் இவ்வளவு குழப்பமும் வந்தது. கருவைக் கொடுத்த தம்பதியிடம் என்ன சொன்னார்கள் என்ற மூன்றாவது கேள்வி, இந்த இரைச்சலில் ஓரமாகவே நின்றுவிட்டது.

குரங்கில் தொடங்கிய உரிமை

1981இல் எலிக் கருவிலிருந்து ஸ்டெம் செல்களைப் பிரித்தெடுத்தார்கள். பிரிட்டனில் மார்ட்டின் எவன்ஸும் மேத்யூ காஃப்மனும், அமெரிக்காவில் கேல் மார்ட்டினும் தனித்தனியே அதைச் செய்தனர். மனிதக் கருவின் பக்கம் முதலில் நெருங்கியவர் இலங்கையில் பிறந்து சிங்கப்பூரில் பணியாற்றிய ஆரிஃப் போங்சோ. 1994இல் அவருடைய குழு மனிதக் கருவின் உள்கொத்துச் செல்களைப் பிரித்து, சிறிது காலம் வளர்த்தும் காட்டியது. அவற்றை நீண்ட நாள் நிலைத்திருக்கச் செய்ய முடியவில்லை.

அதைச் செய்து காட்டியவர் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் தாம்சன். சோதனைக் குழாய்ச் சிகிச்சையில் எஞ்சி, தம்பதிகள் கொடையாகத் தந்த கருக்களிலிருந்து ஐந்து செல் வரிசைகளை அவர் உருவாக்கினார். 1998 நவம்பரில் 'சயன்ஸ்' இதழில் செய்தி வந்தது. எச்1, எச்7, எச்9, எச்13, எச்14 என்று அவற்றுக்குப் பெயர். ஆய்வுக்குப் பணம் கொடுத்தது ஜெரான் என்ற தனியார் நிறுவனம். கருவை அழிக்கும் ஆய்வுக்கு அமெரிக்க மத்திய அரசின் பணத்தைச் செலவிடக்கூடாது என்று சட்டம் இருந்தது.

காப்புரிமை விண்ணப்பமோ 1995இலேயே போய்விட்டது. அப்போது தாம்சன் கையில் இருந்தவை குரங்கின் செல்கள். ஆனால் விண்ணப்பம் மனிதனையும் உள்ளடக்கிய 'பிரைமேட்' இனம் முழுவதற்கும் உரிமை கேட்டது. 1998 டிசம்பர் 1 அன்று அது கிடைத்தது. மனிதச் செல்களையே குறிப்பிட்டுக் கோரிய இரண்டாவது காப்புரிமை 2001இலும், மூன்றாவது 2006இலும் வந்தன. உரிமையாளர் பல்கலைக்கழகத்தின் சார்பில் காப்புரிமைகளை நிர்வகிக்கும் அறக்கட்டளையான வார்ஃப். வைட்டமின் டி கண்டுபிடிப்பின் காப்புரிமையைக் காக்க 1925இல் தொடங்கிய அமைப்பு அது. ரத்தம் உறையாமலிருக்க இதய நோயாளிகள் சாப்பிடும் வார்ஃபரின் மாத்திரை தன் பெயரை இந்த அறக்கட்டளையிடமிருந்துதான் பெற்றது.

அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் இதில் நன்னெறிக் கேள்வி எதையும் எழுப்பவில்லை. எழுப்பவேண்டும் என்று அந்நாட்டுக் காப்புரிமைச் சட்டமும் சொல்லவில்லை. இந்தியாவில் பிறந்த ஆனந்த மோகன் சக்ரவர்த்தி எண்ணெய்க் கசடைத் தின்னும் பாக்டீரியாவை உருவாக்கினார். அதற்குக் காப்புரிமை உண்டு என்று 1980இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. உயிருள்ளது என்பதற்காக மறுக்கக்கூடாது. மனிதன் உருவாக்கியதா என்பதே கேள்வி என்பது அதன் சாரம். அந்த வாசலில்தான் ஸ்டெம் செல்லும் நுழைந்தது. மனித உயிரியையே கோரும் காப்புரிமை கூடாது என்று அமெரிக்க நாடாளுமன்றம் 2004 முதல் தடை விதித்து, 2011இல் அதை நிரந்தரச் சட்டமாக்கியது. செல்களை அந்தத் தடை தொடவில்லை.

விளைவு ஆய்வகங்களில் தெரிந்தது. நரம்பு, இதயம், கணையம் ஆகியவற்றுக்கான வணிக உரிமை ஜெரானுக்குத் தனியுரிமையாகப் போனது. பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஒரு குப்பிச் செல்லுக்கு 5,000 டாலர் கொடுக்கவேண்டியிருந்தது. பிறகுதான் அது 500 டாலராகக் குறைந்தது. வேறு யாராவது தங்கள் சொந்த முயற்சியில், வேறொரு கருவிலிருந்து செல் எடுத்தாலும் வார்ஃபின் அனுமதி தேவை. உரிமை குறிப்பிட்ட ஐந்து வரிசைகள் மேல் மட்டும் இல்லை. மனிதக் கரு ஸ்டெம் செல் என்ற வகையின் மேலேயே இருந்தது.

2006இல் ஒரு நுகர்வோர் அமைப்பும் பொதுநலக் காப்புரிமை அமைப்பும் மறுபரிசோதனை கோரின. எலியில் செய்த வேலையை மனிதக் கருவில் செய்தால் இதுதான் கிடைக்கும் என்பது துறையில் எல்லாருக்கும் தெரிந்ததே என்று ஜீன் லோரிங் என்ற விஞ்ஞானி சான்றளித்தார். 2007இல் அலுவலகம் மூன்று காப்புரிமைகளையும் முதற்கட்டமாக நிராகரித்தது. கோரிக்கைகளைச் சுருக்கிய பிறகு 2008இல் ஏற்றது. மூன்றாவது காப்புரிமை மேல் வழக்கு இன்னும் இழுத்தது. 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்ன காரணம் கவனிக்கத்தக்கது: நுகர்வோர் அமைப்புக்கு நேரடிப் பாதிப்பு ஏதுமில்லை, எனவே வழக்காட உரிமையே இல்லை. 2015இல் காப்புரிமைகள் தம் ஆயுளை முடித்துக்கொண்டன. கருவின் செல்லை ஒருவர் சொந்தம் கொண்டாடலாமா என்பது அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் விசாரிக்கப்படாமலேயே போனது.

மியூனிக்கில் எழுந்த செங்கல் சுவர்

ஐரோப்பாவில் கதை வேறு. 1999 டிசம்பரில் எடின்பரோ பல்கலைக்கழகத்துக்கு ஒரு காப்புரிமை கிடைத்தது. அது மரபணு மாற்றிய 'விலங்கு' ஸ்டெம் செல்களைப் பற்றியது. அறிவியல் மொழியில் விலங்கு என்றால் மனிதனும் அதற்குள் வந்துவிடுவான். அதை யாரோ கவனித்தார்கள். 2000 பிப்ரவரியில் கிரீன்பீஸ் தொண்டர்கள் மியூனிக்கில் உள்ள ஐரோப்பியக் காப்புரிமை அலுவலக வாசலைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். அலுவலகம் தவறை ஒப்புக்கொண்டது. ஜெர்மனி, இத்தாலி, நெதர்லாந்து அரசுகளே முறைப்படி ஆட்சேபம் தெரிவித்தன. 2002இல் மனிதக் கருவின் ஸ்டெம் செல்கள் அந்தக் காப்புரிமையிலிருந்து நீக்கப்பட்டன.

ஆட்சேபத்துக்குச் சட்ட அடிப்படை இருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 1998 ஜூலையில் இயற்றிய உயிர்த்தொழில்நுட்ப நெறிமுறை, பொது ஒழுங்குக்கும் நன்னெறிக்கும் மாறானவற்றுக்குக் காப்புரிமை கூடாது என்கிறது. மனிதனைப் படியெடுத்தல், அடுத்த தலைமுறைக்குச் செல்லும் மரபணுவை மாற்றுதல், தொழில் அல்லது வணிக நோக்கில் மனிதக் கருவைப் பயன்படுத்துதல் ஆகியவற்றைப் பெயர் சொல்லியே விலக்குகிறது. உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் ஒப்பந்தமும் இத்தகைய விலக்குக்கு இடம் தருகிறது.

இந்த வாசகத்தின் மீதுதான் வார்ஃபின் ஐரோப்பிய விண்ணப்பம் மோதி நின்றது. 2008 நவம்பரில் அலுவலகத்தின் விரிவாக்கப்பட்ட மேல்முறையீட்டு அமர்வு அதை மறுத்தது. விண்ணப்பம் கோரியது கருவை அல்ல, செல்களைத்தான். ஆனால் விண்ணப்பித்த நாளில் அந்தச் செல்லைப் பெறக் கருவை அழிப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. சொற்களைச் சாமர்த்தியமாக எழுதித் தடையைத் தாண்ட முடியாது என்று அமர்வு கூறியது.

மூன்றாண்டு கழித்து இன்னும் பெரிய தீர்ப்பு வந்தது. பான் பல்கலைக்கழகத்தின் ஆலிவர் புரூஸ்ட்லே 1997இல் ஜெர்மனியில் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்துப் பெற்றிருந்தார். கரு ஸ்டெம் செல்லிலிருந்து நரம்புச் செல்களின் முன்னோடிகளை உருவாக்கும் முறை அது. பார்க்கின்சன் போன்ற நோய்களுக்கு உதவும் என்பது நம்பிக்கை. கிரீன்பீஸ் வழக்குப் போட்டது. ஜெர்மன் நீதிமன்றம் கேள்வியை லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றத்துக்கு அனுப்பியது. கரு என்றால் என்ன?

2011 அக்டோபர் 18 அன்று நீதிமன்றம் பதில் சொன்னது. கருவுற்ற கணத்திலிருந்தே முட்டை மனிதக் கருதான். உட்கரு மாற்றிய முட்டையும், விந்தணு இல்லாமலே தூண்டிப் பிளவுறச் செய்த முட்டையும், மனிதனாக வளரத் தொடங்கும் திறன் இருந்தால், அந்த வரையறைக்குள் வரும். ஆராய்ச்சிக்காகப் பயன்படுத்துவதும் விலக்கப்பட்டதே. காப்புரிமை கேட்கும்போதே வணிக நோக்கம் அதில் வந்துவிடுகிறது. அந்தக் கருவுக்கே பயன்படும் சிகிச்சைக்கும் நோயறிதலுக்கும் மட்டும் விலக்கு இல்லை.

தீர்ப்பின் கடுமை பிறகு கொஞ்சம் தளர்ந்தது. கருவுறாத, தூண்டப்பட்ட முட்டைக்கு மனிதனாக வளரும் இயல்பான ஆற்றல் இல்லை என்றால் அது கரு ஆகாது என்று 2014 டிசம்பரில் அதே நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. கருவை அழிக்காமல் செல் பெறும் வழி வந்துவிட்டதால், 2003 ஜூனுக்குப் பிந்தைய விண்ணப்பங்களை ஐரோப்பிய அலுவலகம் இப்போது பரிசீலிக்கிறது. புரூஸ்ட்லேயின் காப்புரிமையும் கரு அழிப்பைத் தவிர்க்கும் வரம்புக்குள் 2012இல் ஜெர்மனியில் பிழைத்துக்கொண்டது.

தடுக்கும் உரிமை, செய்யும் உரிமை அல்ல

புரூஸ்ட்லே தீர்ப்பைக் கருவின் கண்ணியத்துக்குக் கிடைத்த வெற்றி என்று ஒரு தரப்பு கொண்டாடியது. ஐரோப்பிய அறிவியலுக்கு விழுந்த அடி என்று மறு தரப்பு வருந்தியது. இரண்டு தரப்பும் ஓர் அடிப்படையைப் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை.

காப்புரிமை என்பது ஒன்றைச் செய்ய அரசு தரும் உரிமம் இல்லை. பிறர் அதைச் செய்யாமல் இருபது ஆண்டு தடுக்கும் உரிமை. அதை மறுத்தால் செயல் நிற்காது. யாரும் செய்யலாம் என்ற நிலைதான் வரும். ஜெர்மனியையே எடுத்துக்கொள்ளலாம். கருவிலிருந்து ஸ்டெம் செல் எடுப்பது அங்கே கருப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆனால் 2002ஆம் ஆண்டுச் சட்டம், குறிப்பிட்ட நாளுக்கு முன் வெளிநாட்டில் எடுத்த செல்களை ஆய்வுக்காக இறக்குமதி செய்ய அனுமதித்தது. முதலில் அந்த நாள் 2002 ஜனவரி 1. 2008இல் அதை 2007 மே 1க்கு நகர்த்தினார்கள். பிரிட்டனில் உரிமம் பெற்று 14 நாள் வரையிலான கருவில் ஆய்வு செய்யலாம். லக்சம்பர்க் தீர்ப்பு இவற்றில் எதையும் மாற்றவில்லை. ஆய்வு தொடர்ந்தது, அதன் பலனுக்கு உரிமை கோருவது மட்டும் கூடாது என்றானது.

கருவை அழிக்கலாமா என்ற முதல் கேள்விக்கு ஒருமித்த விடை இல்லை. கரு என்பது கருவுற்ற கணத்திலிருந்தே முழு மனித உயிர் என்று கத்தோலிக்கத் திருச்சபை கற்பிக்கிறது. யூத, இஸ்லாமிய மரபுகளில் பல அறிஞர்கள் கருவின் தகுதி படிப்படியாக உயர்வதாகக் கொள்கிறார்கள். பிரிட்டனில் 1984இல் வார்னாக் குழு வகுத்த 14 நாள் வரம்பு, இந்த வேறுபாடுகளுக்கு நடுவே சமூகம் உட்கார்ந்து பேசி எட்டிய சமரசம். அத்தகைய முடிவை நாடாளுமன்றம் எடுக்கவேண்டும், வெளிப்படையாக எடுக்கவேண்டும். ஒரு விண்ணப்பத்தின் வாசகத்தைப் பரிசோதிக்கும் அலுவலர் அதை எடுக்கக்கூடாது.

அதற்காக அமெரிக்க வழி சரி என்றாகிவிடாது. நன்னெறிக் கேள்வியைக் கேட்காத அமைப்பு, எல்லையையும் கேட்கத் தவறியது. குரங்கின் செல்லைக் காட்டி மனிதச் செல் முழுவதற்கும் உரிமை வாங்க முடிந்தது அதனால்தான். கருவைப் பற்றிக் கவலையே இல்லாதவரும் இதைத் தவறு என்றுதான் சொல்வார். செல் எடுக்கும் ஒரு முறைக்குக் கிடைக்கவேண்டிய பரிசு, இயற்கையின் ஒரு வகைக்கே வேலியாக மாறிவிட்டது. தனித்தெடுத்த இயற்கை மரபணுவுக்குக் காப்புரிமை இல்லை என்று 2013இல் மிரியட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொன்னது. அந்த வெளிச்சத்தில் பார்த்தால் வார்ஃபின் உரிமை எவ்வளவு அகலமானது என்பது புரியும்.

கருவைத் தவிர்க்கும் வழி

2006இல் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் ஷின்யா யமனாகா எலியின் தோல் செல்லுக்குள் நான்கு மரபணுக்களைச் செலுத்தி, அதைக் கரு ஸ்டெம் செல்லுக்கு இணையான நிலைக்குத் திருப்பினார். அடுத்த ஆண்டு மனிதத் தோல் செல்லிலும் அது நடந்தது; அதே நேரத்தில் தாம்சன் குழுவும் செய்து காட்டியது. யமனாகாவுக்கு 2012இல் ஜான் கர்டனோடு நோபல் பரிசு கிடைத்தது. ஐபிஎஸ் செல் என்று பெயர் பெற்ற இதற்குக் கருவே தேவையில்லை.

கியோட்டோவும் காப்புரிமை வாங்கியது. பல்கலைக்கழகமே முந்திக்கொண்டு உரிமை பெற்றால், தனியார் யாரும் அடைத்துவைக்க முடியாது என்பதைத் தன் நோக்கமாகச் சொன்னது. ஆய்வு நிறுவனங்கள் பயன்படுத்த வழிவிட்டு, வணிக நிறுவனங்களுக்குத் தனியுரிமை இல்லாத உரிமங்களைத் தந்தது. அதே காப்புரிமைச் சட்டத்தை வைத்துக்கொண்டு வேலியும் போடலாம், பாதையும் திறக்கலாம் என்பதற்கு விஸ்கான்சினும் கியோட்டோவும் இரு சான்றுகள்.

ஆனால் ஐபிஎஸ் வந்ததால் பழைய கேள்வி தீர்ந்துவிட்டது என்று நினைத்தால் அது பிழை. 2025இல் வெளிவந்த இரண்டு முக்கியமான மருத்துவ முடிவுகள் கரு ஸ்டெம் செல்லிலிருந்துதான் வந்தன. வெர்டெக்ஸ் நிறுவனத்தின் சிகிச்சையை முழு அளவில் பெற்ற 12 முதல் வகை நீரிழிவு நோயாளிகளில் 10 பேர் ஓராண்டுக்குப் பின் இன்சுலின் ஊசி இல்லாமல் இருந்தார்கள். பார்க்கின்சன் நோயாளிகள் 12 பேரின் மூளையில் புளூராக் நிறுவனம் நரம்புச் செல்களைச் செலுத்திப் பாதுகாப்பானது என்று காட்டியது. அந்தச் செல்களின் தாய் வரிசை எச்9; 1998இல் விஸ்கான்சினில் உருவான ஐந்தில் ஒன்று. புளூராக்கின் உரிமையாளர் ஜெர்மனியின் பேயர் நிறுவனம்.

சீனாவும் இந்தியாவும்

சீனா பல ஆண்டுகள் ஐரோப்பாவைப் போலவே மறுத்துவந்தது. 2019 நவம்பர் 1 முதல் பரிசோதனை விதியை மாற்றியது. கருப்பைக்குள் வளராத, கருவுற்று 14 நாளுக்கு உட்பட்ட கருவிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்லைச் சமூக நன்னெறிக்கு மாறானது என்ற காரணத்துக்காக மட்டும் மறுக்கமாட்டார்கள். ஆய்வுச் சட்டத்தின் எல்லையையே காப்புரிமையின் எல்லையாகவும் வைத்துக்கொண்டார்கள்.

இந்தியா இந்தத் துறைக்குப் புதிதல்ல. 2001இல் அமெரிக்க அரசு நிதியுதவிக்குத் தகுதியான செல் வரிசைகளைப் பட்டியலிட்டபோது, பெங்களூருவின் தேசிய உயிரியல் ஆய்வு மையமும் மும்பையின் ரிலையன்ஸ் லைஃப் சயன்சஸும் அதில் இருந்தன. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மத்திய உயிர்த்தொழில்நுட்பத் துறையின் ஆதரவோடு ஸ்டெம் செல் ஆய்வு மையம் இயங்குகிறது.

1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் மூன்றாம் பிரிவில் நான்கு தடைகள் இந்தச் செல்லின் குறுக்கே நிற்கின்றன. பொது ஒழுங்குக்கும் நன்னெறிக்கும் மாறானது, இயற்கையில் உள்ள உயிர்ப்பொருளைக் கண்டறிந்தது மட்டுமே, மனிதருக்கான சிகிச்சை முறை, நுண்ணுயிர் நீங்கலாகத் தாவர விலங்குகளின் முழு உடலோ பகுதியோ என்ற இவற்றுக்குக் காப்புரிமை இல்லை. மனிதக் கருவை வணிகத்துக்குப் பயன்படுத்துவது நன்னெறிக்கு மாறானது என்று 2013ஆம் ஆண்டு வழிகாட்டுதல் எடுத்துக்காட்டும் தருகிறது. இந்த வாசகம் ஐரோப்பிய நெறிமுறையை ஒட்டியது. ஆனால் ஐரோப்பா பத்தாண்டு வழக்காடிக் கண்ட விடைகள் இங்கே எழுதப்படவில்லை. வெளிநாட்டில் பல ஆண்டுகளுக்கு முன் எடுத்த எச்9 போன்ற வரிசையிலிருந்து ஒரு மருந்து உருவானால், அது கருவைப் பயன்படுத்தியதாகுமா? ஒவ்வொரு பரிசோதகரும் தனித்தனியே விடை தேடவேண்டிய நிலை.

ஒரு விஷயத்தில் இந்தியச் சட்டம் அமெரிக்காவைவிட மேலானது. காப்புரிமை வழங்கப்படுவதற்கு முன் எவரும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம் என்று 25ஆம் பிரிவு சொல்கிறது. நுகர்வோர் அமைப்பு வாசலிலேயே திருப்பி அனுப்பப்படாது. 2024ஆம் ஆண்டு விதித் திருத்தம் இதற்குக் கட்டணமும் முதற்கட்டப் பரிசீலனையும் சேர்த்திருக்கிறது. அந்தக் கதவு மேலும் குறுகாமல் பார்த்துக்கொள்ளவேண்டும்.

கொடுத்தவர்களின் கையெழுத்து

கலிஃபோர்னியாவில் ஜான் மூர் என்ற புற்றுநோயாளியின் மண்ணீரலிலிருந்து ஒரு செல் வரிசையை உருவாக்கிக் காப்புரிமையும் எடுத்தார்கள், அவருக்குச் சொல்லவில்லை. வெட்டியெடுத்த செல்லின் மேல் அவருக்குச் சொத்துரிமை இல்லை, ஆனால் தன் வணிக ஆர்வத்தை மருத்துவர் மறைத்திருக்கக்கூடாது என்று 1990இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கருவைக் கொடுத்த தம்பதிகளின் நிலையும் இதுதான். அமெரிக்க அரசின் பட்டியலில் இருந்த சில வரிசைகளின் ஒப்புதல் படிவங்களில் கடுமையான குறைகள் இருந்ததை விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் அறவியலாளர் ராபர்ட் ஸ்ட்ரைஃபர் 2008இல் வெளிக்கொணர்ந்தார். காப்புரிமை வழங்கிய அலுவலகமும் சரி, மறுத்த நீதிமன்றமும் சரி, அந்தப் படிவத்தைத் தீர்ப்பின் மையத்தில் வைக்கவில்லை.

இந்தியாவில் 2021ஆம் ஆண்டு இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டம் கருவை விற்பதைத் தடுக்கிறது. சேமித்த கருவைப் பத்தாண்டு வரை வைத்திருக்கலாம். பிறகு அழியவிடலாம், அல்லது தம்பதியின் சம்மதத்தோடு ஆராய்ச்சி நிறுவனத்துக்குத் தரலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல் 14 நாள் வரம்பையும் தெளிவான ஒப்புதலையும் கேட்கிறது. ஆனால் வழிகாட்டுதல் சட்டம் ஆகாது.

செய்யவேண்டியவை மூன்று. கருவை எதுவரை ஆய்வு செய்யலாம் என்பதை நாடாளுமன்றம் சட்டமாக இயற்றட்டும். காப்புரிமை அலுவலகம் செல் வகையின் மேல் உரிமை தராமல், புதிதாகக் கண்ட முறைக்கும் திட்டவட்டமான சிகிச்சைப் பொருளுக்கும் மட்டும் தரட்டும். எந்தச் செல் வரிசை, எந்த ஒப்புதல் என்பதை விண்ணப்பத்திலேயே கேட்கட்டும். குழந்தைக்காகப் பல ஆண்டு ஏங்கிச் சிகிச்சைக்கு வரும் தம்பதியின் முன் நீட்டப்படும் படிவம் அவர்கள் மொழியில் இருக்கட்டும். உங்கள் கருவிலிருந்து செல் எடுக்கப்படலாம், அதன் வழி வரும் கண்டுபிடிப்புக்கு வேறொருவர் காப்புரிமை பெறலாம், பணம் ஈட்டலாம், வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு என்று அதில் எழுதியிருக்கட்டும். அதைப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்கவேண்டும்.